அலியான்ஸ் பங்கை டிவிடெண்டுக்காகவே 15-20 வருசம் வச்சிருக்கலாமா?

முனிச்_மழை

வணக்கம் மக்களே. நாங்க முனிச்ல இருக்கோம், ரெண்டு பேருக்கும் வேலை, மாசாமாசம் உலக ஈடிஎஃப்ல (உலகம் முழுக்க உள்ள கம்பெனிப் பங்குகளைக் கொத்தா வாங்குற ஃபண்டு) ஒரு தொகை தானா போயிட்டு இருக்கு. அதுக்கு மேல மிஞ்சுற பணத்தை ஜெர்மன் இன்சூரன்ஸ் கம்பெனி அலியான்ஸோட பங்குல போட்டு, பங்கைத் தொடாம டிவிடெண்டை (லாபத்துல பங்குதாரர்களுக்குப் பிரிச்சுக் குடுக்குறது) மட்டும் எடுத்துக்கலாமான்னு யோசனை. 2012 கணக்குக்கு ஒரு பங்குக்கு 4.50 யூரோ குடுத்தவங்க 2024க்கு 15.40 குடுத்திருக்காங்க, மூணு மடங்குக்கு மேல! இதே வேகத்துல போனா பையன் காலேஜ் போறப்ப அவன் செலவுக்கு டிவிடெண்டே போதும்னு தோணுது. வீட்டுக்காரர் "ஒரே கம்பெனியில எதுக்கு இவ்வளவு"ன்னு கேக்குறார். ரொம்ப நாளா வச்சிருக்கவங்க இருந்தா சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை

நல்ல கம்பெனி தான் சகோதரி, நானும் வச்சிருக்கேன், விக்கிற எண்ணமும் இல்ல. ஆனா "இதே வேகத்துல"ன்னு சொன்னீங்க பாருங்க, அந்த இடத்துல கொஞ்சம் நின்னு பார்க்கணும்.

2012ல ஒரு பங்குக்கு லாபம் 11 யூரோ சொச்சம், அதுல 40% அளவு டிவிடெண்டா குடுத்தாங்க. 2024ல லாபம் 25 யூரோ சொச்சம், குடுத்தது 60%. அதாவது லாபம் ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல தான் ஆயிருக்கு, மீதி வளர்ச்சி லாபத்துல எவ்வளவு பங்கு பிரிச்சுக் குடுக்குறாங்கங்கறதை ஏத்துனதால வந்தது. வருசவாரியா எடுத்து வச்சா பளிச்சுன்னு தெரியும், 2013க்கு 5.30, அடுத்த வருசமே 6.85, ஏன்னா 40%ஐ 50% ஆக்குனாங்க. 2022க்கு 11.40, அடுத்தது 13.80, அங்க 50% 60% ஆச்சு. இந்த ரெண்டு தாவலும் இன்னொரு தடவை அவ்வளவு ஈசியா வராது, 60%ஐ 90% ஆக்குனா வளர்ச்சிக்குக் கையில மிஞ்சுறது ரொம்பக் கம்மி. ஒரு பங்குக்கான லாபம் ஏறுனதுலயும் ஒரு பகுதி பைபேக்ல (கம்பெனியே தன் பங்கை வாங்கி ரத்து பண்றது) வந்தது, 45 கோடிக்கு மேல இருந்த பங்கு இப்ப 40 கோடிக்கும் கீழ, அதனால அதே லாபத்தை கம்மி பேருக்குப் பிரிக்கிறாங்க. அது தொடரும்னு நம்பலாம், ஏன்னா 2025-27 மூணு வருசத்துல டிவிடெண்ட் பைபேக் ரெண்டும் சேர்த்து லாபத்துல 75%க்குக் குறையாம திருப்பித் தருவோம்னு சொல்லியிருக்காங்க.

பணம் எங்கிருந்து வருதுன்னும் பாருங்க. 2024ல ஆபரேட்டிங் லாபம் சுமார் 16 பில்லியன் யூரோ. வண்டி, வீடு, தொழில் இன்சூரன்ஸ்ல கிட்டத்தட்ட 8, லைஃப் ஹெல்த்ல 5.5, அடுத்தவங்க பணத்தை முதலீடு பண்ணிக் குடுக்குற அவங்க கம்பெனிகளான பிம்கோவும் அலியான்ஸ் குளோபல் இன்வெஸ்டர்ஸும் சேர்ந்து 3.2. பொது இன்சூரன்ஸ்ல கம்பைண்ட் ரேஷியோ 93.4%, அதாவது 100 யூரோ பிரீமியம் வந்தா க்ளெய்மும் செலவும் போக 6.60 மிஞ்சுது, அதுபோக அந்தப் பணம் கையில இருக்குற வரைக்கும் பாண்டுல வட்டி வேற சம்பாதிக்குது. நான் வருசா வருசம் முதல்ல பாக்குறது இந்த ஒரு நம்பரைத் தான், டிவிடெண்ட் ஈல்டை (பங்கு விலையில டிவிடெண்ட் எத்தனை சதவீதம்ங்கறது) எல்லாம் அப்புறம் தான்.

வன்னிப்பெடியன்

தங்கச்சி, நான் டுசல்டோர்ஃப் பக்கம். தொண்ணூறுகள்ல இஞ்ச வந்தவைக்குத் தெரியும், அப்ப அலியான்ஸ் எண்டா பாங்கில போட்ட காசு மாதிரி எண்டு தான் எல்லாரும் சொல்லுவினம். 2000ல 400 யூரோவுக்கு மேல போன பங்கு. 2001ல ட்ரெஸ்ட்னர் பாங்கை வாங்கிச்சினம், பிறகு சந்தை விழுந்து, 2002ல நட்டம், 2003ல புதுப் பங்கு வித்துக் காசு சேர்க்க வேண்டி வந்தது, விலை 50 யூரோ பக்கம் வந்திட்டுது. 2023ல கூட அந்தப் பழைய விலைக்கு அது வரேல்ல. டிவிடெண்டும் குறையாது எண்டில்லை, 2007க்கு 5.50 குடுத்தவை 2008க்கு 3.50 தான் குடுத்தவை, ட்ரெஸ்ட்னரைக் கொமர்ஸ்பாங்குக்கு வித்துத் தலைமுழுகின நேரம் அது. திரும்ப 5.50ஐத் தாண்ட 2014 கணக்கு வரைக்கும் போச்சு.

இப்ப "போன வருசத்தை விடக் குறைய மாட்டம்" எண்டு கொள்கை வச்சிருக்கினம். ஆனா சால்வென்சி விகிதம் (சட்டம் கேக்கிற மூலதனத்தோட ஒப்பிட்டா கையில எவ்வளவு இருக்கு எண்டது) நல்லா இருக்கிற வரைக்கும் எண்ட நிபந்தனையும் அதோட இருக்கு, 2024 முடிவில அது 209%, பலமா தான் இருக்கு. அமெரிக்காவில ஸ்ட்ரக்சர்ட் ஆல்ஃபா ஃபண்ட் மோசடி வழக்கில 2022 மே மாசம் அவையின்ர அமெரிக்க யூனிட் குற்றத்தை ஒத்துக்கொண்டது, மொத்தமா 6 பில்லியன் டொலர் பக்கம் போச்சு. அந்த வருசமும் டிவிடெண்டை 9.60இல இருந்து 10.80 ஆக்கினவை. அவ்வளவு தாங்கிற கம்பெனி தான். எண்டாலும் பிள்ளையின்ர படிப்புச் செலவு முழுக்க இதில நிக்க விடாதேங்கோ, உங்கட மனுசன் கேக்கிறது சரியான கேள்வி.

முனிச்_மழை

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, அந்த 40-50-60 விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்ப ஈடிஎஃப்ல போறது அப்படியே இருக்கட்டும், அலியான்ஸ் மொத்தத்துல பத்து சதவீதத்தைத் தாண்டாமப் பாத்துக்குறோம். இன்னொரு டவுட், பத்து வருசம் கழிச்சு கோயம்புத்தூருக்கே திரும்பினா வரி எப்படி ஆகும்?

இசார்க்கரை

இங்க இருக்குற வரைக்கும் டிவிடெண்டுல 25% வரி, அதுக்கு மேல சாலிடாரிட்டி வரியும் சேர்த்து 26.375% பிடிப்பாங்க. ஆளுக்கு 1000 யூரோ வரைக்கும் முதலீட்டு வருமானத்துக்கு வரி இல்ல, ஆனா ப்ரோக்கர்கிட்ட ஃப்ரைஷ்டெல்லுங்ஸ் ஆஃப்ட்ராக் (அந்த 1000 வரைக்கும் வரி பிடிக்காதீங்கன்னு குடுக்குற படிவம்) குடுத்திருக்கணும். 15.40க்கு கணக்கு போட்டா 64 பங்குக்கு 985.60 வருது, 65வது பங்குலயே எல்லை தாண்டிரும். ஈடிஎஃப் டிவிடெண்டும் அதே 1000ல தான் சேருது, அதனால ரெண்டு பேர் பேர்லயும் பிரிச்சு வைங்க. பங்கு ஈடிஎஃப்ல 30% வருமானத்துக்கு வரி விலக்கு இருக்கு, நேரடியா வாங்குன பங்குக்கு அது கிடையாது.

இந்தியா போயிட்டா ஜெர்மனி முதல்ல அதே 26.375% பிடிச்சிரும். இந்தியா-ஜெர்மனி வரி ஒப்பந்தப்படி 10% தான், மீதியை பான் (Bonn) நகரத்துல இருக்குற ஜெர்மன் மத்திய வரி அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டுத் திரும்ப வாங்கணும், இந்திய வரித்துறையில வாங்குன ரெசிடென்சி சான்று வேணும், சீக்கிரம் வராது. இந்தியாவுல உங்க ஸ்லாப்படி வரி, அந்த 10%ஐ அதுல கழிச்சுக்கலாம். சில ப்ரோக்கர்கள் ஜெர்மனி முகவரி இல்லன்னா கணக்கையே மூடச் சொல்லுவாங்க, அதை இப்பவே கேட்டு எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க. டிவிடெண்ட் வருசத்துக்கு ஒரு தடவை தான், மே மாச பொதுக்கூட்டம் முடிஞ்சு மூணாவது வேலை நாள்ல கணக்குக்கு வரும்.