கடுவன் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருக்கிறது: மலச்சிக்கலா?

முதுநகர் இல்லத்தரசி (கடலூர்):
வணக்கம். எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு மூன்று வயது, கருத்தடை செய்தாகிவிட்டது. துறைமுகத்தில் வாங்கும் மீனின் தலையை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொடுப்போம். மற்ற வேளைகளில் பாக்கெட்டில் வரும் உலர் உணவுதான். நேற்று மாலையிலிருந்து மணல் தட்டில் ஏறுவதும், முக்குவதும், ஒன்றும் போகாமல் இறங்குவதுமாக இருக்கிறது. இன்று காலை தட்டில் இளஞ்சிவப்பு நிறத்தில் சில துளி ஈரம் மட்டுமே இருந்தது. பின்பக்கத்தை ஓயாமல் நக்குகிறது. வயிற்றைத் தொட்டால் உறுமுகிறது. மலம் கட்டியிருக்கும், விளக்கெண்ணெய் கொடுத்தால் போதும் என்கிறார் என் மாமியார். இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை வரை பொறுத்துப் பார்க்கலாமா?

லாஸ்பேட்டை வாசி (புதுச்சேரி):
சகோதரி, நாளை வரை பொறுக்க வேண்டாம். இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மலச்சிக்கலை அல்ல, சிறுநீர் அடைப்பைத்தான் காட்டுகின்றன. கடுவன் பூனையின் சிறுநீர்த் தாரை, அதாவது சிறுநீர் வெளியேறும் குழாய், நீளமாகவும் நுனியில் மிகக் குறுகலாகவும் இருப்பதால், சிறுநீரில் உருவாகும் நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அதை எளிதில் அடைத்துவிடுகின்றன. பெட்டைப் பூனைக்கு அந்தக் குழாய் அகலமானது. ஆகவே அதற்கு இப்படி முழுதாக அடைப்பது அரிது.

அடைப்பு நீடித்தால் வெளியேற வேண்டிய கழிவுகள் இரத்தத்திலேயே தேங்குகின்றன. முக்கியமாகப் பொட்டாசியத்தின் அளவு கூடி, இதயத் துடிப்பு தளர்ந்து, ஒன்றிரண்டு நாட்களுக்குள்ளேயே உயிர் போய்விடக்கூடும். நேற்று மாலையே தொடங்கிவிட்டது என்கிறீர்கள். வாந்தி எடுத்தாலோ, உணவைத் தொடாமல் சுருண்டு படுத்தாலோ நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் போல உருண்டையாகக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் அது நிரம்பிய சிறுநீர்ப் பை; அதை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற ஒருபோதும் முயலாதீர்கள், கிழிந்துவிடும்.

திருப்பாதிரிப்புலியூர் அன்பர்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. விளக்கெண்ணெயை வாயில் ஊற்றினால் அது மூச்சுக் குழாய்க்குள் போகும் அபாயம் உண்டு. அடைப்புக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. வலிக்கிறதே என்று இரங்கி, வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அதனால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, ஈறுகள் பழுப்பாகின்றன. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

அருகில் உள்ள தனியார் கால்நடை மருத்துவர்களைத் தொலைபேசியில் அழைத்து, "கடுவன் பூனைக்குச் சிறுநீர் போகவில்லை" என்ற சொற்களையே சொல்லுங்கள். "பூனைக்கு உடம்பு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் நாளை வரச் சொல்லிவிடுவார்கள். கதீட்டர், அதாவது அடைப்பை நீக்கிச் சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய், போடும் வசதி உண்டா என்பதையும் கேளுங்கள். கடலூரில் எவரும் கிடைக்காவிட்டால் புதுச்சேரி தொலைவில் இல்லை. அங்கே குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; ஞாயிறு என்பதால் அங்கும் கேட்டுக்கொண்டே புறப்படுங்கள். கூடை இல்லையென்றால் காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் பழைய துண்டு ஒன்றை விரித்துக் கொண்டுபோகலாம்.

முதுநகர் இல்லத்தரசி:
உங்கள் இருவருக்கும் நன்றி சொல்ல வார்த்தையில்லை. நேற்று மதியமே புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டோம். மயக்க மருந்து கொடுத்துக் கதீட்டர் போட்டார்கள். முதலில் இரத்தம் கலந்தும், பிறகு மணல் மணலாகவும் சிறுநீர் வெளியேறியது. சலைன் ஏறுகிறது, இன்னும் இரண்டு நாள் அங்கேயே இருக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்தபின் மீன் கொடுக்கலாமா? தண்ணீரே குடிக்காத பூனைக்குப் பாலாவது கொடுக்கலாமா?

லாஸ்பேட்டை வாசி:
மிக்க மகிழ்ச்சி. பால் வேண்டாம்; வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்து உடலில் இருக்கும் நீரும் போய்விடும். உணவின் வழியாக நீரைச் சேர்ப்பதே நல்ல வழி. உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். ஈர உணவிலோ முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். உப்பில்லாமல் வேகவைத்த கோழி இறைச்சியை அதன் சாற்றோடு கொடுத்தாலும் எங்கள் பூனைகள் விரும்பி உண்கின்றன. தண்ணீர்க் கிண்ணத்தை உணவுத் தட்டுக்கு அருகில் வைக்காமல், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகலமான கிண்ணங்களாக வையுங்கள்.

மீனை எப்போதாவது, முள் நீக்கி, வேகவைத்துக் கொடுக்கலாம். அதையே அன்றாட உணவாக்க வேண்டாம். கருவாடு அறவே கூடாது. நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகப் போட்டால், அவற்றில் உள்ள ஒரு நொதி தயமின் என்னும் பி1 வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

படிகம் எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரூவைட் என்றால் அதற்கென உள்ள சிறப்பு உணவால் கரையும். கால்சியம் ஆக்ஸலேட் கரையாது. இந்த அடைப்பு, குறிப்பாக முதல் சில வாரங்களில், திரும்ப வரக்கூடியது. ஆகவே தட்டில் மணல் எத்தனை இடத்தில், எவ்வளவு பெரிய கட்டியாக நனைந்திருக்கிறது என்று தினமும் காலையும் மாலையும் பாருங்கள். கட்டி சிறுத்துக்கொண்டே வந்தாலோ, பூனை மீண்டும் மீண்டும் தட்டுக்கு ஓடினாலோ, இரவானாலும் அதே மருத்துவமனையை உடனே அழையுங்கள்.