முட்டுச்சந்தைத் திறப்பதில் பாதுகாப்புச் சிக்கல்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் முட்டுச்சந்தின் கடைசிச் சுவரை இடித்துப் பின்புறச் சாலையோடு இணைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலையில் நெரிசல் ஏற்படும்போதெல்லாம் ஆட்டோக்களும் இருசக்கர வாகனங்களும் இதைக் குறுக்குவழியாக்கிவிடுமே என்று, தெருவிலேயே பந்து விளையாடும் பிள்ளைகளை வைத்திருக்கும் நாங்கள் அஞ்சுகிறோம். என்ன செய்யலாம்?

பதில் 1: ஐயா, வாய்மொழியாகச் சொல்வதில் பயனில்லை. அனைவரும் கையொப்பமிட்டு மாநகராட்சி ஆணையரிடம் மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளிலும் ஒரு படி கொடுத்து, மறவாமல் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

பதில் 2: ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத சந்தில் குடியிருந்தவன் என்பதால், சுவர் அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவருக்குப் பதிலாக, அவசரத்தில் கழற்றக்கூடிய இரும்புத் தூண்களை நெருக்கமாக நட்டால் ஆட்டோக்கள் நுழையாது; நடப்போரும் சைக்கிளும் செல்லலாம்.

பதில் 3: வேகத்தடை கேட்டால் அளவையும் எழுதுங்கள். 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்பது சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் நெறிமுறை. நம் ஊரில் போடுபவையோ இடுப்பை ஒடிக்கும் மேடுகள்.