ஆறாத சர்க்கரைப் புண்: குற்றவாளி செல்லின் நினைவா, காலில் போட்ட செருப்பா?

பெரம்பூர்_சேகர்

அப்பாவுக்கு ரொம்ப வருடமாகச் சர்க்கரை. வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, பழைய ஐம்பது பைசா அளவில் ஒரு புண். தீபாவளிக்கு முன்னால் வந்தது, பொங்கல் தாண்டியும் ஆறவில்லை. வலியே இல்லை என்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நேற்று செய்தித்தாளுக்குள் ஒரு வெல்னஸ் சென்டரின் நோட்டீஸ் வந்தது. தலைப்பு ‘எபிஜெனடிக் ரீசெட்’. உங்கள் நோய் எதிர்ப்பு செல்கள் பழைய சர்க்கரையை நினைவில் வைத்திருக்கின்றன, அதனால்தான் புண் ஆறுவதில்லை, சில டிரிப்ஸ் ஏற்றினால் அந்த நினைவை அழித்துவிடுவோம் என்கிறார்கள். கேட்கும் பணத்துக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். செல்லுக்கு நினைவு என்பதெல்லாம் உண்மையா, கப்சாவா?

கணக்கு_கந்தசாமி

சுத்தக் கப்சா. முன்பு ‘குவாண்டம்’ என்று சொல்லி விற்றார்கள், அப்புறம் ‘ஸ்டெம் செல்’, இப்போது இது. பெயர் புரியாத அளவுக்கு பில் ஏறும். நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள் சேகர்.

தரமணி_எலி

நோட்டீஸ் பொய்தான். ஆனால் அவர்கள் எதைத் திருடி எழுதினார்களோ அது பொய் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கிழிக்காதீர்கள் கந்தசாமி சார்.

நான் ஆய்வகத்தில் எலிப் புண்களோடு வேலை பார்ப்பவன். காயம் பட்டதும் முதலில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வரும். பின்னாலேயே ரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் வந்து, திசுவுக்குள் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களாக மாறும். முதல் சில நாள் அவை கிருமியைக் கொல்லும், செத்த திசுவைத் தின்னும், அழற்சியைத் தூண்டும் புரதங்களைக் கொட்டும். அதற்குப் பிறகு அவற்றின் வேலை மாற வேண்டும்: புது ரத்தக் குழாய்க்கும் கொலாஜனுக்கும் வழி செய்ய வேண்டும். சர்க்கரைப் புண்ணில் இந்த மாற்றம் பாதியில் நின்றுவிடுகிறது. பந்தி முடிந்த பிறகும் பரிமாறுபவர்கள் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டே இருந்தால் இலை எடுப்பவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்?

ஏன் நிற்கிறது? டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிக் கிடக்கிறது. அந்த ஹிஸ்டோன்களில் மீதைல், அசிடைல் போன்ற சின்ன ரசாயன ஒட்டுகள் விழும். எந்த ஒட்டு எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து ஒரு ஜீன் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். ஜீனின் எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. நோட்டீஸில் இருக்கும் ‘எபிஜெனடிக்’ என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் காலகர் குழு 2015-ல் கொழுப்பு உணவில் வளர்த்து, இரண்டாம் வகை நீரிழிவு போன்ற நிலைக்குக் கொண்டுவந்த எலிகளைப் பார்த்தது. ஐஎல்-12 என்ற அழற்சி ஜீனை மூடிவைக்கும் மீதைல் ஒட்டு அவற்றில் குறைந்திருந்தது. குறைந்தது புண்ணில் மட்டும் இல்லை, எலும்பு மஜ்ஜையிலேயே. அதாவது செல் புண்ணுக்கு வருவதற்கு முன்பே சண்டைக்குத் தயாராகித்தான் கிளம்புகிறது. 2017-ல் அதே குழு எம்எல்எல்1 என்ற என்சைமைப் பிடித்தது. அது அழற்சி ஜீன்களைத் திறக்கும் ஒட்டைப் போடுவது. சாதாரணப் புண்ணில் சில நாளில் அடங்கிவிடும். நீரிழிவு எலியில் அடங்குவதில்லை.

பாதம்_பார்ப்பவள்

காலையிலிருந்து கால்களையே பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்கிறேன். தரமணி தம்பி எழுதியது அழகாக இருக்கிறது. அந்த எலி செருப்புப் போட்டிருந்ததா?

சேகர், உங்கள் அப்பாவின் புண்ணை நான் பார்க்கவில்லை, ஆனால் அந்த இடத்தில் வரும் புண்ணைத் தினமும் பார்க்கிறேன். சுற்றிலும் வெளுத்த, தடித்த காய்ப்பு இருக்கும். கத்தியால் அதைச் சீவச் சீவ, வெளியே தெரிந்ததைப் போல இரண்டு மடங்கு புண் அடியில் ஒளிந்திருப்பது தெரியும். நான் சீவிக்கொண்டிருப்பேன், அவர் பேரன் ஸ்கூல் ஃபீஸைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருப்பார். அவ்வளவு மரத்துப்போயிருக்கும். நடக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க விழும் இடம் அது. வலி இல்லாததால் அவர் நொண்டுவதில்லை. நொண்டாததால் புண் ஒவ்வொரு அடியிலும் நசுங்குகிறது. வெயில் காலத்தில் பாருங்கள், கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, பாதம் முழுக்கக் கொப்புளத்தோடு வந்து ‘எப்போது வந்ததென்றே தெரியவில்லை’ என்பார்கள்.

1946-ல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களில் இதைத்தான் பார்த்தார். அதுவரை எல்லோரும் ‘அந்த நோய் வந்தால் சதையே கெட்டுப்போகும், ஆறாது’ என்று நம்பியிருந்தார்கள். சதையில் கோளாறு இல்லை, மரத்த காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் கோளாறு, அதை எடுத்தால் புண் ஆறும் என்று அவர் காட்டினார். இன்று நாம் எழுதிக் கொடுக்கும், நுண்துளை உள்ள மெத்தென்ற ரப்பரில் செய்த எம்சிஆர் செருப்புகூட தொழுநோய் சிகிச்சையிலிருந்து வந்ததுதான். இப்போது ‘சதை கெட்டுப்போச்சு’ என்பதற்குப் பதில் ‘செல் நினைவு வைத்திருக்கிறது’ என்கிறீர்கள். நோயாளி திரும்பவும் அதே சாதாரண ரப்பர் செருப்போடு வீட்டுக்குப் போகிறார்.

தரமணி_எலி

டாக்டர் மேடம், அழுத்தத்தை நான் மறுக்கவே இல்லை. பிராண்ட் பார்த்த கால்களுக்கும் இந்தக் கால்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்கிறேன். அங்கே நரம்பு போயிருந்தது, ரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லை. இங்கே இரண்டும்.

மனிதர்களில் ஆதாரம் வேண்டுமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை டிசிசிடி என்று ஒரு பெரிய பரிசோதனை, 1,441 நீரிழிவு நோயாளிகள். ஒரு பாதிக்குச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தார்கள், மறுபாதிக்கு அந்தக் காலத்து வழக்கமான சிகிச்சை. முடிந்த பிறகு இரண்டு தரப்பின் சர்க்கரையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் சிக்கல் பல வருடம் கூடுதலாகவே வந்தது. ரமா நடராஜன் குழு அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தது. டிஎக்ஸ்என்ஐபி என்ற ஜீனில் மீதைல் ஒட்டு குறைந்திருந்தது. பரிசோதனைக் காலத்து ரத்தத்திலும் குறைவு, 16, 17 வருடம் கழித்து எடுத்த மோனோசைட்டிலும் குறைவு. இதை நினைவு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கணக்கு_கந்தசாமி

ஒரு நிமிஷம். மோனோசைட் ரத்தத்தில் எத்தனை நாள் இருக்கும்? பெரும்பாலானவை ஒரு நாள் போலத்தான் என்று படித்திருக்கிறேன். ஒரு நாள் வாழும் செல் 16 வருடத்தை எப்படி ஞாபகம் வைத்திருக்கும்? என் ஆபீஸில் ஒரு மாதம் வேலை பார்த்துப் போனவருக்குப் போன வருடத்து கணக்கைக் கேட்டால் தெரியுமா?

தரமணி_எலி

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான் சார். அதனால்தான் மஜ்ஜை என்று முன்பே சொன்னேன். ஒட்டு இருப்பது அந்த ஒருநாள் செல்லில் மட்டும் இல்லை, அதைப் பெற்றுத் தள்ளிக்கொண்டிருக்கும் மஜ்ஜையின் ஸ்டெம் செல்லிலும் இருக்கிறது. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியிலும் இதையே பார்த்தார்கள். நெதர்லாந்தில் மிஹாய் நெட்டியா குழு 2012-ல், பிசிஜி போட்டு மூன்று மாதம் ஆன பிறகும் மோனோசைட்டுகள் வேறு கிருமிகளுக்கும் சுறுசுறுப்பாகப் பதில் கொடுப்பதைக் காட்டியது. 2018-ல் எலிகளில், பிசிஜி மஜ்ஜையின் ஸ்டெம் செல்களையே மாற்றுகிறது என்பது வெளிவந்தது.

பாதம்_பார்ப்பவள்

பிசிஜியைப் பற்றிச் சென்னைக்காரியிடம் பேசும்போது கவனம் தம்பி. பக்கத்திலேயே, செங்கல்பட்டு மாவட்டத்தில், 1968-ல் ஆரம்பித்து லட்சக்கணக்கானவர்களுக்குப் போட்டு 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வருவதை அது தடுக்கவில்லை. கோவிட்டுக்கும் இந்த ‘பயிற்சி பெற்ற எதிர்ப்பு சக்தி’ உதவும் என்றார்கள். மருத்துவப் பணியாளர்களுக்குப் போட்டுப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது, உதவவில்லை. செல்லில் ஒட்டு மாறியது உண்மையாகவே இருக்கலாம். ஆளுக்கு என்ன ஆனது என்பது வேறு கணக்கு.

டிசிசிடிக்கும் அதே பதில்தான். அதில் இருந்தவர்கள் எல்லோரும் முதல் வகை நீரிழிவு. நீங்கள் சொன்னது கண்ணும் கிட்னியும். என் வாசலில் நிற்பது இரண்டாம் வகை, பாதம்.

மூலிகை_முத்து

எல்லோரும் பெரிய பெரிய ஆய்வு பேசுகிறீர்கள். பழைய சோறு சாப்பிட்டால் குடல் கிருமி பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைச் செய்யும், அது இந்த ஹிஸ்டோன் ஒட்டுகளை மாற்றும். ஸ்டான்லி மருத்துவமனையிலேயே பழைய சோற்றைக் குடல் அழற்சிக்கு ஆராய்ந்தார்கள். டிரிப்ஸ் எதற்கு?

தரமணி_எலி

முத்து அண்ணா, பாதி சரி. பியூட்டிரேட் அசிடைல் ஒட்டை நீக்கும் என்சைமைத் தடுக்கும் என்பது உண்மை. குடலில் அழற்சியை அடக்கும் டி செல்கள் பெருக அது உதவுவதை 2013-ல் எலிகளில் காட்டினார்கள். ஆனால் பெருங்குடலில் உண்டாவதில் பெரும்பகுதியைக் குடல் செல்லும் கல்லீரலுமே தின்றுவிடும். கால் பெருவிரல் வரைக்கும் போய்ச் சேரப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

பாதம்_பார்ப்பவள்

அப்புறம் ‘டாக்டரே சொன்னார்’ என்று ஒரு சட்டிச் சோறு சாப்பிட்டுவிட்டு வருவார்கள், சர்க்கரை 350 இருக்கும். தலைப்புக்கு வாருங்கள்.

பெரம்பூர்_சேகர்

மன்னிக்கவும், நடுவில் ஒன்று. நினைவு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். டிரிப்ஸால் அதை அழிக்க முடியுமா, முடியாதா?

தரமணி_எலி

முடியாது. ஒட்டுகளை மாற்றும் மருந்துகள் நிஜமாகவே உண்டு. வோரினோஸ்டாட் 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, எதற்கு என்றால் ஒருவகைத் தோல் லிம்ஃபோமாவுக்கு, அதாவது புற்றுநோய்க்கு. அது கால் புண் செல் எது, மற்ற செல் எது என்று பார்க்காது. உடம்பு முழுக்க வேலை செய்யும், பிளேட்லெட் இறங்கும். இந்த சென்டர்காரர்கள் அதைக் கொடுத்தால் ஆபத்து. கொடுக்கவில்லை என்றால் வைட்டமின் தண்ணீர்.

இன்னொன்று. அழற்சியை அழிப்பது நல்லது என்றே நோட்டீஸ் நினைக்கிறது. மேக்ரோஃபேஜ்களில் எம்எல்எல்1-ஐ அடியோடு எடுத்துவிட்ட எலிகளில் புண் சீக்கிரம் ஆறவில்லை, தாமதமானது. முதல் சில நாள் அழற்சி வேண்டும். பிரச்சினை அது நேரத்துக்கு முடியாததில்தான்.

பாதம்_பார்ப்பவள்

இதில் சண்டை இல்லை. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களின் புண்ணைப் பார்த்த எந்த சர்ஜனுக்கும் தெரியும்.

ஆனால் எலி விஷயத்தில் விடமாட்டேன். எலியின் தோலுக்கு அடியில் ஒரு தசைத் தாள் இருக்கிறது. காயம் பட்டதும் அது சுருங்கி வாயை இழுத்து மூடிவிடும். நமக்கு அப்படி இல்லை, ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வந்து மூட வேண்டும். எலிக்கு நாம் கத்தியால் போடுவது புதுக் காயம். என் நோயாளிக்கு இருப்பது மாதக்கணக்கில் நசுங்கிய காயம். ரத்த ஓட்டம் சரியாக இருந்து, சீழ் இல்லாமல் இருந்தால், முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு அனுப்புகிறேன். பாரம் பாதம் முழுக்கப் பரவிவிடும். நிறைய பேருக்கு ஆறு, எட்டு வாரத்தில் மூடிவிடுகிறது. நான் எந்த ஜீனையும் தொடவில்லை. நினைவு அவ்வளவு பலமானது என்றால் மாவுக்கட்டுக்குள் அது எங்கே போனது?

தரமணி_எலி

ஆறிய புண்களில் சுமார் 40 சதவீதம் ஒரே வருடத்தில் திரும்ப வருகிறதே மேடம், அது எங்கிருந்து வருகிறது?

பாதம்_பார்ப்பவள்

வாசலில் கழற்றிப்போட்ட எம்சிஆர் செருப்பிலிருந்து. ‘வீட்டுக்குள் எதற்கு டாக்டர் செருப்பு’ என்பார்கள். 2003-ல் ஒரு ஆய்வு: கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்து, பூட்ஸிலும் இடுப்பிலும் அடி எண்ணும் கருவியைக் கட்டிவிட்டார்கள். மொத்த நடையில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு நடந்தது. மற்றதெல்லாம் பூட்ஸ் இல்லாமல். அதனால்தான் கழற்ற முடியாத கட்டு போடுகிறேன்.

தரமணி_எலி

சரி, பாதி நியாயம். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று ஏன் வைக்கிறீர்கள்? நசுங்கும் திசுவிலிருந்து வரும் சமிக்ஞையே அந்த ஒட்டுகளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். அழுத்தம் போனால் ஒட்டும் இறங்கலாம். எலியை வைத்து இதைச் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் ஒவ்வொரு முறையும் புண் ஓரத்தை வெட்டி மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுகிறீர்களே, அதில் விடை இருக்கிறது. கட்டு போடும் முன் ஒரு துணுக்கு, இரண்டு வாரம் கழித்து ஒரு துணுக்கு. மேக்ரோஃபேஜைப் பிரித்து ஒட்டைப் பார்க்கலாம்.

பாதம்_பார்ப்பவள்

நெறிமுறைக் குழு அனுமதி, நோயாளியின் சம்மதக் கையெழுத்து இரண்டும் இல்லாமல் ஒரு துணுக்கும் கிடைக்காது. அது கிடைத்தால் தரலாம். ஆனால் நான் தருவதில் பெரும்பாலும் ஆறுகிற புண்தான் இருக்கும்.

தரமணி_எலி

எனக்கு ஆறாதவர்கள்தான் வேண்டும். காலில் நாடித் துடிப்பு நன்றாக இருந்து, கிருமி இல்லாமல், கழற்ற முடியாத கட்டு போட்டும் மூடாத அந்தச் சிலர். அழுத்தம் மட்டுமே காரணம் என்றால் அவர்கள் இருக்கவே கூடாது. இருக்கிறார்களா இல்லையா?

பாதம்_பார்ப்பவள்

இருக்கிறார்கள். கணிசமாக. அதற்காக நினைவு என்று இப்போதே பேர் வைக்க மாட்டேன். எலும்புக்குள் கிருமி ஒளிந்திருக்கும், எக்ஸ்ரேயில் தெரிய வாரக்கணக்காகும். முதலில் அவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்து அதைத் தள்ளுங்கள். மிச்சமிருப்பவர்களைப் பற்றிப் பேசலாம், மெசேஜ் அனுப்புங்கள்.

சேகர், அப்பாவை இந்த வாரமே பாத சிகிச்சை இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவமனை போதும். டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டம், நைலான் இழையால் உணர்ச்சி, புண்ணுக்குள் கம்பி விட்டால் எலும்பு தட்டுகிறதா, இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கால் வீங்கினாலோ, சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வாரம்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

பெரம்பூர்_சேகர்

திங்கட்கிழமை போகிறோம். கட்டு போட்டால் பாத்ரூமுக்கு எப்படிப் போவது என்று அப்பா இப்போதே சண்டை போடுகிறார்.

கணக்கு_கந்தசாமி

பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வாங்கி பாத்ரூமில் போடுங்கள், கால்மேல் பெரிய பாலிதீன் கவரை மாட்டி மேலே இறுக்காமல் டேப் ஒட்டுங்கள். என் மாமனாருக்கு அப்படித்தான் ஓட்டினோம்.