டஸ்டர் டீசல் டைமிங் பெல்ட் மாத்த 19,400 கேக்குறாங்க, சரியான ரேட்டா?

திண்டுக்கல்_டஸ்டர்:
வணக்கம் நண்பர்களே, 2014 ரெனால்ட் டஸ்டர் டீசல் கார் செகண்ட்ஹேண்ட்ல எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு, இப்போ 96,000 ஓடியிருக்கு. முந்தின ஓனர் டைமிங் பெல்ட் (இன்ஜின்ல பிஸ்டனும் வால்வும் ஒண்ணுக்கொண்ணு நேரம் தப்பாம ஓட வைக்கிற ரப்பர் பெல்ட்) மாத்துனதுக்கு பில்லு எதுவும் இல்ல. கம்பெனி சர்வீஸ்ல கிட் (பெல்ட்டும் அத இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும்), வாட்டர் பம்ப், கூலன்ட், லேபர் எல்லாம் சேத்து 19,400 எஸ்டிமேட். எங்க ஊரு மெக்கானிக் பெல்ட்ட மட்டும் போட்டு 6,000-க்குள்ள முடிச்சுத் தர்றேங்கிறார். வண்டில சத்தம் எதுவும் இல்ல, தீபாவளி வரைக்கும் தள்ளலாமா?

கோவை_டீசல்:
தயவுசெஞ்சு தள்ளாதீங்க ப்ரோ. என் வண்டியிலயும் இதே 1.5 லிட்டர் இன்ஜின்தான், சத்தம் வரலையேன்னு நானும் விட்டேன், சங்ககிரி தாண்டி போயிட்டிருக்கும்போது டப்புன்னு ஒரு சத்தம், இன்ஜின் ஆஃப், ஸ்டியரிங் இறுகிடுச்சு, ஓரங்கட்டுறதுக்குள்ள உசிரு போயி வந்துச்சு, பின்னாடி சீட்ல குழந்தைங்க வேற. பெல்ட் அறுந்தா வால்வ தெறந்து மூடுற கேம் நின்னுடும், பிஸ்டனோட சேந்த கிராங்க் சுத்தும், பிஸ்டன் மேல வந்து தெறந்திருக்கிற வால்வுல இடிக்கும். இன்ஜின் மேல்பாகமான ஹெட்ட எறக்கிப் பாத்தா வால்வெல்லாம் வளஞ்சு போச்சு, டோயிங்கோட 58,000.

ஸ்பேனர்_அண்ணன்:
தம்பி, நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். பெல்ட்ட மட்டும் போடாதீங்க. டென்ஷனர் பேரிங் ஜாம் ஆனா புது பெல்ட்டும் போயிரும். இந்த இன்ஜின்ல வாட்டர் பம்ப சுத்துறதே டைமிங் பெல்ட்டுதான், நாளைக்கு பம்ப் ஒழுகுனா திரும்பவும் மொத்தத்தையும் கழட்டி லேபர் ரெண்டாவது தடவ குடுக்கணும். வெளிய குடுக்குறதா இருந்தா கேம், கிராங்க் ரெண்டையும் பின் போட்டு லாக் பண்ற டூல் இருக்கான்னு மொதல்ல கேளுங்க. பெயின்ட் மார்க் வச்சு மாட்டுறேன்னு சொன்னா வேணாம், ஒரு பல்லு தள்ளி விழுந்தாலும் வம்பு. அப்புறம் கிலோமீட்டர் மட்டும் கணக்கு இல்ல, ரப்பர் வருஷத்துக்கும் கெட்டுப்போகும், 2014 பெல்ட்டுன்னா நம்பவே கூடாது.

நெல்லை_வாசி:
பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்நேட்டரோட பெல்ட் வேற, டைமிங் பெல்ட் வேற. பில்லுல "பெல்ட்"னு மட்டும் போட்டிருந்தா பார்ட் நம்பர் கேட்டு செக் பண்ணிக்கோங்க.

திண்டுக்கல்_டஸ்டர்:
எல்லாருக்கும் நன்றி. மதுரையில லாக்கிங் டூல் வச்சிருக்கிற வெளி மெக்கானிக்கிட்ட கிட், பம்ப் எல்லாமே மாத்தியாச்சு, 13,200 ஆச்சு. பழைய பெல்ட்ட கேட்டு வாங்கிப் பாத்தேன், மடிச்சா பல்லு இடுக்குல எல்லாம் வெடிப்பு. பம்ப் பக்கத்துல கூலன்ட் கசிஞ்சு காஞ்ச தடம் வேற. மாத்துன தேதியும் கிலோமீட்டரும் எழுதி பானெட் உள்பக்கம் ஒட்டியிருக்கேன், அடுத்து வாங்குறவங்களுக்காவது தெரியட்டும்.