காலிப்பர் பின்னுக்கு பேரிங் கிரீஸ் போடலாமா?

மண்டபம்_மோட்டார்: நேத்து வாட்ஸ்அப் குழுவுல ஒரு மேதாவி போட்டது: "முன் டிஸ்க் பிரேக் ஒட்டிப் பிடிச்சா காலிப்பர் பின்னக் கழட்டு, பேரிங் கிரீஸ அப்பு, மாட்டு, கத முடிஞ்சுது." முடியாது சாமி, அப்பத்தான் ஆரம்பிக்குது. காலிப்பர்ங்கிறது டிஸ்க்கக் கவ்விப் பிடிக்கிற சாமான், அது நகர்றதே அந்தப் பின்னு மேலதான். அந்தக் கிரீஸ் பட்டா பின்னோட ரப்பர் உறை ஊதிப்போயி பின்னையே இறுக்கிரும். சிலிக்கான் கிரீஸ்தான் போடணும்.

பாம்பன்_பாலத்தடி: மேதாவி நான்தான். பேரச் சொல்லியே திட்டலாமே. எங்க போட்டுக்கெல்லாம் அந்தக் கிரீஸ்தான். உப்புத்தண்ணியிலயே கெடக்குற சாமானுக்கு ஒத்துக்கிறது உங்க பைக்குக்கு ஒத்துக்காதோ?

மண்டபம்_மோட்டார்: அண்ணே, போட்ல நீங்க தடவுறது இரும்பு மேல. நான் பேசுறது ரப்பர். பிரேக் ரப்பரு கிளைகால்ல செஞ்ச பிரேக் ஆயிலுக்குன்னு உள்ளது, பேரிங் கிரீஸ்ல இருக்கிற பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊறிரும்.

கீழக்கரை_காத்து: ரெண்டு பேரும் கிரீஸ விடுங்கப்பா, கோளாறு பின்னுலதான்னு யாரு பாத்தா? எஞ்சினுக்கு அடியில முட்டுக் குடுத்து முன்சக்கரத்தத் தூக்கு. பிரேக்க அமுக்கி விட்டுட்டுச் சக்கரத்தச் சுத்திப் பாரு. சுத்தலைன்னா காலிப்பர்ல காத்து எடுக்குற நிப்பிள்ல டியூப் மாட்டி லேசாத் தளத்து. ஆயில் பீச்சிச் சக்கரம் விட்டுக்கொடுத்தா அழுத்தம் உள்ள அடைபட்டுக் கெடக்குன்னு அர்த்தம். கைப்பிடிகிட்ட இருக்கிற மாஸ்டர் சிலிண்டர்ல ஆயில் திரும்புற சின்ன ஓட்டை அடைச்சிருக்கும், இல்லன்னா ஹோஸ் உள்ளுக்குள்ள வீங்கியிருக்கும். அப்பயும் இறுக்கமா நின்னா பின்னு, இல்லன்னா பேட அமுக்குற பிஸ்டன்.

மண்டபம்_மோட்டார்: கீழக்கரைக் காக்கா சொன்னது சரி. ஆனா கேள்வி அதில்ல. பின்னுக்கு என்ன கிரீஸ்?

தங்கச்சிமடம்_தம்பி: அண்ணே, என்னுது பின்னாடி டிரம். மீன் பெட்டியில ஐஸ் உருகுன தண்ணி ஒழுகி ஒழுகி, பிரேக்க மிதிச்சா மிதி மேல வரமாட்டேங்குது.

பாம்பன்_பாலத்தடி: டிரம்முக்குள்ள பிரேக் ஷூவ விரிக்கிற கேம் துருப்பிடிச்சிருக்கும் தம்பி. உருவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கொஞ்சமாக் கிரீஸ் தடவு. எந்தக் கிரீஸ்னு மண்டபத்துக்காரரக் கேளு பாப்போம்!

மண்டபம்_மோட்டார்: கேம் இரும்பு. பேரிங் கிரீஸ் தாராளமாப் போடலாம், ஷூவுல மட்டும் படக்கூடாது. தம்பி, டிரம் தூசிய வாயால ஊதிராத, ஈரத்துணியால தொட.

பாம்பன்_பாலத்தடி: தாராளமாப் போடலாமாம். எல்லாரும் படிச்சுக்கங்க.

மண்டபம்_மோட்டார்: கேமுக்கு! கேமுக்குத்தான்! பின்னுக்கில்ல!

தொண்டி_துடுப்பு: எதுக்கு இவ்வளவு? வாராவாரம் நல்ல தண்ணியில கழுவுனா துரு எங்கேருந்து வருது?

பாம்பன்_பாலத்தடி: நல்ல தண்ணியா? எங்க தெருவுல போர்த்தண்ணியே உப்பு, குடிக்கக் குடத்தத் தூக்கிட்டு அலையுறோம். இதுல பைக்குக்குக் குளியலாம்.

தொண்டி_துடுப்பு: எங்களுக்கு மட்டும் என்ன, காவேரி வாசல்லயா ஓடுது? அரிச்சல்முனை வரைக்கும் மணல்ல ஓட்டிட்டு வண்டியக் கழுவாமப் போடுற சோம்பேறித்தனத்துக்குத் தண்ணி மேல பழி.

மண்டபம்_மோட்டார்: தண்ணிக் கதைய வேற எடத்துல பேசுங்க. மூடி போடாத டப்பாவுல இருந்த பிரேக் ஆயில ஊத்தச் சொன்னதும் இதே பாம்பன் அண்ணன்தான், எனக்கு மறக்கல. அந்த ஆயிலு காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சிரும். டாட் 4ங்கிற பிரேக் ஆயில் புதுசா இருக்கையில 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்காமத் தாங்கும், ஈரம் ஏறினா 155 வரைக்கும் எறங்கிரும். பிரேக் ஒட்டிச் சூடேறுன வண்டியில அத ஊத்துனா கொதிச்சு, கைப்பிடி பஞ்சு மாதிரி உள்ள போயிரும்.

பாம்பன்_பாலத்தடி: டேங்க்ல பிரேக் ஆயிலச் சிந்திப் பெயிண்ட உரிச்சுக்கிட்ட ஆளு எனக்குப் பாடம் எடுக்காரு.

மண்டபம்_மோட்டார்: பேச்ச மாத்தாதீங்கண்ணே. சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டியூப். அது வாங்க என்ன கஷ்டம்?

பாம்பன்_பாலத்தடி: ஞாயித்துக்கெழம வாங்க, என் வண்டிப் பின்ன நீங்களே கழட்டிப் பாருங்க.

மண்டபம்_மோட்டார்: வர்றேன். ரப்பர் உறை ஊதியிருந்தா?

பாம்பன்_பாலத்தடி: ஊதியிருந்தா அது உப்புக்காத்து.

மண்டபம்_மோட்டார்: உப்புக்காத்துல ரப்பர் ஊதுமா? காக்கா, நீங்களே கேளுங்க இந்த நியாயத்த!

கீழக்கரை_காத்து: எவனாச்சும் அந்த நிப்பிளத் தளத்திப் பாத்தீங்களா இல்லியா?

மண்டபம்_மோட்டார்: அது அப்புறம் காக்கா. மொதல்ல கிரீஸு.