இமைபல்லி: ‘ப்’ வேண்டுமா, வேண்டாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

லெப்பர்ட் (சிறுத்தை) கெக்கோ, ஆப்பிரிக்க ஃபேட் டெயில் (கொழுத்த வால்) கெக்கோ ஆகிய பல்லிகள் அடங்கிய குடும்பத்துக்குத் தமிழ்ப்பெயர் கேட்டு நான் எழுதிய மடலுக்கு மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: தடிவால் பல்லி, தரைப்பல்லி, இமைப்பல்லி. மூன்றையும் விலங்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கெக்கோவுக்குத் தனிச்சொல் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. ஓணான், அரணை, உடும்பு, பல்லி என்று நம்மவர்கள் எப்போதோ பிரித்துவிட்டார்கள். கெக்கோ என்றால் பல்லி, அவ்வளவுதான். சிக்கல் பல்லிக்குள்ளே பிரிப்பதில்தான் இருக்கிறது.

இந்தச் சிக்கல் எங்கள் வீட்டுக்கே வந்தது. நாங்கள் இருப்பது டொரண்டோ பக்கம். ஒரு கடையில் ‘குட்டி லெப்பர்ட் கெக்கோ’ என்று கொடுத்ததை மகள் ஆசையாக வாங்கி வந்தாள். உடம்பில் புள்ளியே இல்லை, பட்டை பட்டையாக இருந்தது. லெப்பர்ட் குட்டிகளும் பட்டையோடுதான் பிறக்கும், வளர வளரத்தான் பட்டை கலைந்து புள்ளியாகும். அதனால் நாங்கள் சந்தேகப்படவில்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட கல்லாங்காட்டு விலங்குக்குச் சொல்லியிருக்கிறபடி, 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தோம். இரண்டாவது முறை சட்டை உரித்தபோது விரல்களில் பழைய தோல் நூல் சுற்றியதுபோல இறுகிக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்து, பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு விரலாக உருட்டி உருட்டி எடுத்தேன். அப்போதுதான் அதன் முதுகை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். லெப்பர்டின் முதுகில் குருணை தூவியதுபோலப் புடைப்புகள் எழும்பி நிற்க வேண்டும். இதன் தோல் வழவழப்பாக இருந்தது. கண்ணும் வெள்ளியோ பொன்னோ கலக்காத ஒரே கருப்பு. அது மேற்கு ஆப்பிரிக்க ஃபேட் டெயில். அதற்குச் சுமாராக 50 முதல் 70 விழுக்காடு ஈரம் வேண்டும். பெட்டியில் ஈரப்பாசி போட்ட பிறகு சட்டை ஒழுங்காக உரிகிறது.

அது அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றபோதுதான் மகள் “அப்பா, இது இமைக்குது!” என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்த சொல் அவள் வாயில் வந்துவிட்டது.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லி இமைக்காது. அதன் இமைகள் ஒன்றாகி, ஒளி ஊடுருவும் தகடாகக் கண்ணை மூடியிருக்கும், பாம்புக்கு இருப்பதுபோல. தூசி பட்டால் நாக்கை நீட்டிக் கண்ணையே நக்கித் துடைத்துக்கொள்ளும். நாம் பேசும் குடும்பத்துக்கோ அசையும் இமை உண்டு. லெப்பர்ட் அடங்கிய பேரினத்துக்கு 1827இல் ஆங்கிலேய விலங்கியலாளர் கிரே இட்ட யூபிளெஃபாரிஸ் என்ற பெயருக்கே ‘நல்ல இமை’ என்றுதான் பொருள்.

தடிவால் ஏன் ஆகாது என்றால், லெப்பர்டுக்கும் வால் தடிதான், இரண்டும் கொழுப்பை அங்கேதான் சேர்க்கின்றன. பட்டினி கிடந்தால் இரண்டு வாலும் மெலியும். ஆஸ்திரேலியாவில் அசையும் இமை இல்லாத இன்னொரு பல்லிக்கும் தடிவால் என்றுதான் ஆங்கிலப் பெயர். தரைப்பல்லி இன்னும் ஆபத்து. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தரையில் திரியும், உடம்பெல்லாம் திட்டுத்திட்டான சிறு பல்லிகள் உண்டு. பெடோம் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1870இல் பெயரிட்ட கொள்ளேகால் பல்லி அவற்றில் ஒன்று. பார்த்தவுடன் லெப்பர்டின் தம்பி என்று தோன்றும், ஆனால் இமைக்காது. அந்தப் பெயர் அவற்றுக்கே பொருந்தும், அவற்றிடமே இருக்கட்டும்.

ஆகவே இமைதான். இனி ‘ப்’ விஷயம்.

இமைப்பல்லி என்று வலி மிகுந்தால் ‘இமையை உடைய பல்லி’ என்று பெயர்ச்சொல்லாக விரியும். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நியூ கலிடோனியாவின் கிரெஸ்டட் கெக்கோவைக் கடைகளில் ஐலாஷ் (இமைமயிர்) கெக்கோ என்றும் சொல்வார்கள். அழிந்தே போனது என்று நினைத்திருந்து 1994இல் மீண்டும் கண்டுபிடித்த இனம் அது. இன்று வீட்டில் வளர்க்கும் பல்லிகளில் லெப்பர்டுக்கு அடுத்து அதிகம் பேர் அறிந்தது அதுதான் என்பேன். அதன் கண்ணுக்கு மேலே மயிர்போல நீட்டிக்கொண்டிருப்பவை செதில்கள். அதற்கு அசையும் இமை கிடையாது. நாம் இமைப்பல்லி என்று வைத்தால், நாளைக்கே ஒருவர் படத்தில் அந்த வரிசையைப் பார்த்து இதுதான் இமைப்பல்லி என்று எழுதிவிடுவார்.

‘ப்’ இல்லாமல் இமைபல்லி என்றால் வினைத்தொகை. இமைத்த, இமைக்கின்ற, இமைக்கும் பல்லி. உரைகல் என்கிறோமே, அதே கட்டு. இப்போது பெயருக்குள்ளேயே சோதனை இருக்கிறது. கண்ணுக்கு மேல் என்ன நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி, இமைக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். என் வாக்கு இதற்கே. பிழை திருத்துபவர்கள் பழக்கத்தில் ‘ப்’ சேர்த்துவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது. பெயர்ப் பட்டியலில் ‘வினைத்தொகை’ என்று பக்கத்திலேயே குறித்துவிடலாம்.

மற்றப் பல்லிகளை இமையாப் பல்லி என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. கண் இமைக்காத வானோரை இமையவர் என்று சொன்ன மொழி அல்லவா! ஆனால் அது ஒரே கிளையில் வந்த கூட்டம் இல்லை. ஆஸ்திரேலியப் பல்லிகள் சில குடும்பங்களாக, இமைபல்லிகள் கிளை பிரிவதற்கும் முன்பே பிரிந்து போனவை. விளக்கத்தில் அடைமொழியாக வரட்டும், குடும்பப்பெயர் ஆக்க வேண்டாம்.

அப்புறம் இனப்பெயர்கள். லெப்பர்டைச் சிறுத்தை இமைபல்லி என்று வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையில் எனக்கு முழு நிறைவு இல்லை. குட்டியில் புள்ளி கிடையாது, வளர்ப்பில் தேர்ந்தெடுத்த சில நிற வகைகளில் வளர்ந்த பின்னும் கிடையாது. மேலும் ஆங்கிலத்தில் இந்தியாவின் உறவினங்களையும் லெப்பர்ட் என்றே அழைக்கிறார்கள். நடு இந்தியாவின் சத்புரா மலைப்பகுதியிலிருந்து 2014இல் ஒன்றும், விசாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து 2022இல் ஒன்றும் புது இனமாக விவரிக்கப்பட்டன. ஆகவே சிறுத்தை இமைபல்லி பேரினத்துக்குப் போகட்டும், இனத்துக்கு முன்னால் இடம் சேர்ப்போம்: சத்புரா சிறுத்தை இமைபல்லி என்பதுபோல. கருங்கண் இமைபல்லி என்று ஃபேட் டெயிலுக்கு நானே எழுதி வைத்திருந்தேன். லெப்பர்டில் எக்லிப்ஸ் என்ற வகைக்கும் முழுக்கருப்புக் கண் வரும் என்பதால் அடித்துவிட்டேன். மேற்கு ஆப்பிரிக்க இமைபல்லி போதும்.

ஒன்று மீதம் இருக்கிறது. முதுகில் குருணை என்றேனே, அந்தப் புடைப்புக்கும் சொல் வேண்டும். லெப்பர்டையும் ஃபேட் டெயிலையும் பிரிக்க எல்லா நிற வகையிலும் கைகொடுப்பது அதுதான். ‘பரு’ என்றால் நோய்போலக் கேட்கிறது. மணிச்செதில் என்று எழுதிப் பார்த்தேன், பாசிமணியை நினைத்து. பொருந்துகிறதா, வேறு நல்லது இருக்கிறதா, சொல்லுங்கள்.

அன்புடன்