கடைசி பெஞ்ச் இல்லாத கல்லூரிகள்

சோளக்காட்டான்

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் திண்டுக்கல்லில் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, படம் வரையவா அவ்வளவு தூரம் போற?" லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் கலை, அறிவியல் என்று பல துறைப் பாடங்களையும் கலந்து படிக்கிற சின்னக் கல்லூரி. நான் படித்தது கணக்கும் வேதியியலும். நடுவில் ரஷ்ய வரலாறு ஒரு பாடம், மட்பாண்டம் ஒரு பாடம். மட்பாண்டத்தைப் பற்றி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கல்லூரி கிரின்னல். அயோவா மாநிலம், டெ மொய்ன் நகரிலிருந்து ஒரு மணி நேரம். சுற்றிலும் மக்காச்சோளம், அது இல்லாத இடத்தில் சோயா. ஊரில் 10,000 பேருக்குள், கல்லூரியில் 1,700 பேர் சொச்சம். வளாகத்தின் குறுக்கே தண்டவாளம் போகிறது. சரக்கு ரயில் வந்தால் எல்லாரும் நின்றுதான் ஆகவேண்டும். ஒருநாள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது, "ட்ரெயின் வந்துருச்சு" என்று சொல்லிக்கொள்ளலாம் என நிம்மதியாக நின்றேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பவர் அதே வகுப்பு எடுக்கிற புரொபசர்.

அங்கே கட்டாயப் பாடம் ஒன்றே ஒன்றுதான்: முதல் செமஸ்டர் டியூட்டோரியல். பன்னிரண்டு பதின்மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவேண்டும். அதை எடுக்கிறவரே, நாம் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எதுவென்று முடிவு செய்கிற வரை நமக்கு ஆலோசகரும். ஊரில் நான் 62 பேர் வகுப்பில் ரோல் நம்பர் 41. பக்கத்துப் பையனை 'பிரசன்ட்' சொல்ல வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவன். இங்கே இரண்டாவது வாரமே, எழுதிய கட்டுரை கேவலமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்ததால் வகுப்புக்கு மட்டம் போட்டேன். அன்று மதியம் டைனிங் ஹாலில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை. "மூன்றாம் பக்கத்தில் ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு பக்கத்தையும் தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டுப் பிறகு சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். யாரோ ஒருவர் நான் எழுதியதை மூன்றாம் பக்கம் வரை படித்திருக்கிறார் என்பதே எனக்குப் புதிது.

இப்படித் துரத்திப் பிடிக்கிற வழக்கம் அந்தக் கல்லூரிக்குப் பழையதுதான். கணினிச் சில்லு செய்கிற இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் 1949இல் அங்கே முடித்தவர். படிக்கும்போது விடுதியில் ஹவாய் விருந்து என்று சொல்லிப் பக்கத்துப் பண்ணையில் ஒரு பன்றிக்குட்டியைத் தூக்கிவந்துவிட்டார். பன்றி வளர்ப்பே பலருக்குப் பிழைப்பான அயோவாவில் பன்றித் திருட்டு விளையாட்டு இல்லை. கல்லூரியை விட்டே அனுப்பியிருப்பார்கள். இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல் குறுக்கே வந்து பேசியதால் ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷனோடு தப்பினார். அப்போதுதான் உலகத்துக்கு வந்திருந்த, பின்னாளில் அந்தச் சில்லுகளுக்கு அடிப்படையான டிரான்சிஸ்டரை நாய்ஸுக்கு அறிமுகப்படுத்தியவரும் அதே கேல்தான். கடைசி பெஞ்ச் என்று ஒன்று அங்கே இருந்து, அதில் நாய்ஸ் ஒளிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன்.

சரி, சின்னக் கல்லூரிகளில் படித்தவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். ஒளிய இடமில்லாமல் யாரிடமாவது வசமாக மாட்டிய கதை இருந்தால் சொல்லுங்கள்.

இட்லிமாவு

மாட்டிய கதையா என்று தெரியவில்லை தம்பி, ஆனால் என் அறையில் பிக்காசோ மாட்டியிருந்தது.

நான் ஓபர்லின், ஒஹையோ. அங்கே கல்லூரி அருங்காட்சியகத்திலிருந்து மாணவர்கள் அசல் ஓவியத்தை ஒரு செமஸ்டருக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாடகை 5 டாலர். 1940களில் தொடங்கிய வழக்கம். நல்ல படம் வேண்டுமானால் முந்தின இரவே வெளியே கூடாரம் போட்டுப் படுக்கவேண்டும். முதல் நாள் முதல் காட்சிக்கு நிற்பதுபோலத்தான், ரசிகர் மன்றக் கொடி மட்டும் கிடையாது. எனக்கு பிக்காசோவின் அச்சோவியம் ஒன்று கிடைத்தது. அதன் நேர் கீழே ஹீட்டர். ஹீட்டருக்குப் பக்கத்தில்தான் மாவு புளிக்கும், வேறெங்கும் புளிக்காது. ஆக, தரையில் இட்லி மாவு, மேலே பிக்காசோ.

ஒரு காலையில் மாவு பொங்கி வழிந்து சுவர் ஓரம்வரை போய்விட்டது. படத்தில் ஒரு துளி படவில்லை. ஆனால் எனக்குக் கை நடுங்கியது. நானே அருங்காட்சியகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அங்கிருந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "புளிக்க எத்தனை மணி நேரம் ஆகும்?" என்றார். அடுத்த வாரம் என் அறைக்கு வந்து நான்கு இட்லி சாப்பிட்டார், சட்னியில்லாமல், பொடியோடு.

பிளாக் பிளான்

கொலராடோ காலேஜ். ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரம், முடிந்ததும் நான்கு நாள் விடுமுறை, பிறகு அடுத்த பாடம். 1970லிருந்து இப்படித்தான். மூன்று நாள் காய்ச்சலில் படுத்தேன், பாடத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. புரொபசர் நோட்ஸைக் கதவடியில் தள்ளிவிட்டுப் போனார். வேறு கதை இல்லை, அந்த மூன்று நாளை ஈடுகட்டவே எனக்கு விடுமுறை சரியாகிவிட்டது.

பெயர் வேண்டாம்

எல்லாரும் இனிப்பாகவே சொல்கிறீர்கள். கொஞ்சம் பாகற்காயும் இருக்கட்டும். கல்லூரிப் பெயரும் சொல்லமாட்டேன்.

நம்மை எல்லாருக்கும் தெரியும் என்பது ஒரு தண்டனையும்தான். எட்டுப் பேர் இருக்கிற செமினார். அதில் ஒருவனோடு பழகி, நவம்பரில் முறிந்தது. பெரிய பல்கலைக்கழகமாக இருந்தால் நாலு வரிசை தள்ளி உட்காரலாம். இங்கே வட்ட மேசை! எங்கே உட்கார்ந்தாலும் எதிரில் அவன்தான். டிசம்பர்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்புப் பங்கேற்புக்கு 20 சதவீத மதிப்பெண், அது போனது போனதுதான்.

இன்னொன்று. எங்கள் கல்லூரியில் என் நிறத்தில் பெண்கள் ஐந்து பேர்கூட இல்லை. விளம்பரக் கையேட்டுக்குப் போட்டோ வேண்டுமென்றால் மின்னஞ்சல் எனக்குத்தான் வரும். நான்கு வருடத்தில் 11 தடவை. மரத்தடியில் சிரித்தேன், நூலகத்தில் சிரித்தேன், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தேன். நான் படித்தது பொருளாதாரம். அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நான் போனது அந்த ஒரு நாள்தான்.

குளிர்கால விடுமுறையில் டைனிங் ஹாலை மூடிவிட்டு மூன்று வாரம் எங்களை மைக்ரோவேவை நம்பி விட்டதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். ரவை உப்புமாவை மைக்ரோவேவில் கட்டியில்லாமல் கிண்ட முடியும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சோளக்காட்டான்

போட்டோ விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை அக்கா. நான் சோளக்காட்டு நடுவில் டெலஸ்கோப்போடு நின்றிருக்கிறேன். பகலில்.

மணிச்சத்தம்

நான் மவுன்ட் ஹோலியோக், பெண்கள் கல்லூரி. 1837இல் மேரி லயன் தொடங்கியது. இலையுதிர் காலத்தில் ஒருநாள், என்றைக்கு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், காலை 7 மணிக்கு மணி அடிப்பார்கள். அன்று வகுப்பு கிடையாது, எல்லாரும் மலையேறவேண்டும். எனக்கு அன்று ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தேர்வு இருந்தது. இரவெல்லாம் விழித்துப் படித்திருந்தேன். மணி கேட்டு மற்றவர்கள் துள்ள, நான் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மலை ஆயிரம் அடிகூட இல்லை, ரப்பர் செருப்போடு ஏறிவிட்டேன். உச்சியில் ஐஸ்கிரீம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் கல்லூரித் தலைவர். நம் ஊரில் முதல்வர் அறை வாசலில்கூட நான் நின்றது கிடையாது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இரண்டாம் ஆண்டு மாணவிகள் முதலாண்டுப் பெண்களுக்கு யாரென்று காட்டிக்கொள்ளாமல் பரிசு வைக்கிற பழக்கம் உண்டு, 'எல்ஃபிங்' என்பார்கள். நாலாம் நாள் என் கதவில் ஓர் அட்டை தொங்கியது. தமிழில், பென்சிலால், கோலம் போடுவதுபோல எழுத்தை வரைந்து: "வனக்கம்". மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. எழுதியவள் வெர்மான்ட்காரி, கணினித் திரையைப் பார்த்து அரைமணி நேரம் வரைந்தாளாம். பிழையை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அட்டை இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

செமஸ்டர் தேர்வையும் எப்போது எழுதுவது என்று நாமே முடிவு செய்வோம், மேற்பார்வைக்கு ஆள் கிடையாது. அம்மாவிடம் சொன்னேன். பறக்கும் படை இல்லாத பரீட்சை ஒரு பரீட்சையா என்றார். அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை.

வைகை வடகரை

உங்களுக்கெல்லாம் தாத்தா வயது எனக்கு. அமெரிக்கா போனதில்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரி, எண்பதுகளின் தொடக்கம்.

ஓபர்லின் முடித்த இளைஞர்கள் ஷான்ஸி என்ற அமைப்பின் மூலம் எங்கள் ஊருக்கு ஆங்கிலம் சொல்லித்தர வருவார்கள். எங்களுக்கு வந்தவருக்கு 22, 23 வயது இருக்கும். வாடகை சைக்கிளில் வருவார். முதல் வகுப்பில் ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். ஆசிரியர் கேட்டால் பதில் புத்தகத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நோட்ஸில். இது எங்கே இருக்கிறது? யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். ஒரு சினிமா இடைவேளை அளவு இருக்கும் என்று தோன்றியது. கடைசியில் உசிலம்பட்டிப் பையன் ஒருவன், "சார், ஹீரோ இஸ் ஃபூல்" என்றான். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. திரும்பி அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார், ஏன் என்று கேட்டார். மாணவன் வாயிலிருந்து வந்த வாக்கியம் பலகையில் ஏறி நான் பார்த்தது அன்றுதான். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இட்லிமாவு அம்மா, உங்களிடம் ஒரு கேள்வி. அந்த ஆசிரியர் ஓபர்லினில் ஒரு கல் வளைவு இருப்பதாகச் சொல்லுவார். 1900இல் சீனாவில் கொல்லப்பட்ட அந்தக் கல்லூரி மிஷனரிகளின் நினைவாகக் கட்டியதாம். பட்டம் வாங்குகிற அன்று சிலர் அதன் நடுவே போவார்களாம், சிலர் சீனர்களும்தானே செத்தார்கள் என்று சுற்றிப் போவார்களாம். அவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்க விட்டுப்போயிற்று. வளைவு இருக்கிறதா?

இட்லிமாவு

இருக்குங்க ஐயா. இப்பவும் இரண்டு விதமாகவும் போகிறார்கள். நான் சுற்றிப் போகவேண்டும் என்று ஒரு மாதமாகத் தீர்மானம் பண்ணி வைத்திருந்தேன். அன்று பார்த்தால் வளைவுக்கு அந்தப் பக்கம், நட்டநடுவில், அப்பா கேமராவை வைத்துக்கொண்டு நிற்கிறார். நடுவில்தான் போனேன்.